நெற்றியைத் துடைக்கச் சொன்னவள்

ஓர் அறிக்கையிலிருந்து ஒரு வரியை எடுத்துவிடுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. இழுத்தால் நீலமாகும், ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும். தட்டிவிட்டு நான் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு என் கை நடுங்கியது, மனசு உறுத்தியது என்று எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொள்ள எனக்கு ஆசை வந்துவிடும். ஒன்றும் நடுங்கவில்லை. பிஸ்கட் நன்றாகவே இருந்தது.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் கல்லூரியில் நான் ஆராய்ச்சியாளர். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தம். போலீஸ் துறைகள் புதுக் கருவிகளை வாங்கும் முன் அவற்றை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்க முன்வந்தது. நல்ல நோக்கம். அதை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் கேமராவை நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு வேலை இரண்டு. அந்தக் கேமரா இங்கே வாழும் எல்லா மாதிரி முகங்களையும் சரியாகப் பிரித்துப் பார்க்கிறதா என்று சோதிப்பது ஒன்று. அதை வைத்துக்கொண்டு போலீஸ்காரர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வழிகாட்டி எழுதுவது மற்றொன்று. ‘சிறந்த நடைமுறைகள்’ என்று அதற்குப் பெயர். அட்டையில் என் பெயரும் போடுவார்கள்.

தமிழ் முகங்களைக் கொண்டு வருவது என் பொறுப்பு என்று தானாகவே முடிவாயிற்று. குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். விண்ணப்பத்தில் ‘எங்கள் சமூகத்தினர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். வீட்டில் நாங்கள் அந்த ஆட்களைத் ‘தோட்டத்துச் சனம்’ என்றுதான் சொல்வோம். அவர்கள் எங்கள் சமூகமாக மாறியது விண்ணப்பம் எழுதிய வாரத்தில்தான்.

ஈப்போவுக்கு வெளியே லகாட் பக்கத்தில் ஒரு பழைய தோட்டம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. கோயில் மட்டும் மிச்சம். சனங்கள் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டார்கள், ஆனாலும் வெள்ளிக்கிழமை பூசைக்கு அங்கேதான் வருவார்கள். கோயில் தலைவரிடம் பேசி ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேமராவையும் வெள்ளைத் திரையையும் கொண்டு போனேன். முகத்தைக் கொடுக்கிறவர்களுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டுப் பிரதி இலவசம். இது என் யோசனைதான். லைசென்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவம், வேலை மனு என்று எதற்காவது படம் தேவைப்படாத வீடு இல்லை என்று எனக்குத் தெரியும்.

நல்ல கூட்டம். கோயிலுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் வரிசை கட்டி நின்றார்கள். வரிசையில் முன்னால் நின்ற ஓர் அக்கா, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“டீச்சர், இந்த எடம் என்னா எடம்னு தெரியுமா? பெரட்டுக் களம்லா. எங்கப்பாலாம் காலைல இங்கதான் நிப்பாங்க, பேர் கூப்புட.”

கூப்பிட்டவர் யார் வகையறா என்று நான் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

அக்காவுக்குப் பின்னால் அவருடைய கணவர் நின்றார். ஈப்போவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஜாகா வேலை. காவலுக்கு நிற்கிற வேலையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். இரவு வேலைக்குப் போக வேண்டியவர் என்பதால் சீருடையிலேயே வந்திருந்தார். நெற்றி நிறைய மூன்று பட்டைத் திருநீறு. அக்காவுக்கு அவரைப் பற்றிச் சொல்வதில் ஒரு பெருமை.

“இவருக்கு எல்லா பாஷையும் வரும் டீச்சர். அந்தக் கட்டடத்துக்கு வர்ற பெரிய பெரிய ஆளுங்கள்லாம் இவர்கிட்டதான் வழி கேட்டுக்கிட்டுப் போவாங்க.”

“சும்மா இருலா,” என்றார் அவர்.

நான் காதில் வாங்கியதோடு சரி. என் கவலை வேறு. படம் எடுப்பதற்கான குறிப்புகளில் ‘முகத்தை மறைக்கும் பொருள்களை அகற்றவும்’ என்று ஒரு வரி இருந்தது. தொப்பியையும் கண்ணாடியையும்தான் சொல்லியிருந்தார்கள். நான்தான் யோசித்தேன், திருநீறும் பொட்டும் மறைக்கும் பொருள்தானே என்று. யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே செய்து கொடுத்து நல்ல பெயர் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை ஆசிரியர் சொல்லாமலே துடைத்து வைத்துப் பழகியவள் நான்.

“நெத்திய மட்டும் கொஞ்சம் தொடச்சிடுங்க. கேமராவுக்கு நெத்தி சுத்தமா தெரியணும்,” என்று வரிசை முழுவதுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஈரத் தாள் ஒரு பெட்டி கொண்டு போயிருந்தேன்.

 அப்போதுதான் பூசை முடிந்து, குருக்கள் கையால் வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்தவர்கள் அவர்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

“பொட்டையுமா டீச்சர்? அவரு நல்லாருக்காருல்ல…”

கணவன் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண்ணைப் பொட்டை அழிக்கச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியாதா? என் அம்மாவை எவளாவது அப்படிச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும்? தெரியும். தெரிந்தும், “ஒரு நிமிசந்தான்க்கா, படம் எடுத்ததும் வெச்சுக்கலாம்,” என்றேன். குரலில் தேன் ஒழுகியது.

ஒட்டுப் பொட்டுதான். அக்கா அதை நெற்றியிலிருந்து எடுத்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். படம் எடுக்கும்வரை மற்றொரு கையால் அதை மூடியே வைத்திருந்தார். ‘கிளிக்’ என்றதும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் நெற்றியில் வைத்துவிட்டார். அவர் கணவர், அந்த அண்ணன், ஈரத் தாளை வாங்கித் தன் நெற்றியைத் துடைத்தார். துடைத்த தாளைக் கீழே போடவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருநீறு ஒட்டிய தாளைக் குப்பையில் போடக்கூடாது அல்லவா. நான் துடைப்புத் தாளுக்கென்று குப்பைத்தொட்டி கொண்டு வந்திருந்தேன். அவ்வளவு ஏற்பாடு.

சோதனை நடந்தது. முடிவு வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. மற்ற முகங்களை ஓரளவு சரியாகச் சொன்ன இயந்திரம், நம் முகங்களில் தடுமாறியது. இந்த ஆளை அந்த ஆள் என்றது. அண்ணனையும் அவருக்கு இரண்டு பேர் தள்ளி நின்ற பால் வியாபாரியையும் ஒரே ஆள் என்று அடித்துச் சொன்னது. அண்ணனுக்கு ஒட்டிய நீள முகம், பால் வியாபாரிக்கு முகமே வட்டம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேறோர் இடத்தில் திருநீறோடு எடுத்த சில படங்களையும் போட்டுப் பார்த்ததில், நெற்றியில் திருநீறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்பதும் தெரிந்தது. அதாவது, நான் துடைக்கச் சொன்னதே வீண்.

அந்த அட்டவணையை அறிக்கையில் போட்டேன். அதை வைத்து வழிகாட்டியில் ஒரு வரியும் எழுதினேன். ‘இயந்திரம் காட்டியது என்பதற்காக மட்டும் யாரையும் அழைத்துச் செல்லக்கூடாது. இரண்டாவது அதிகாரி ஒருவர் இரண்டு முகங்களையும் தன் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.’ நான் அந்த அறிக்கையில் எழுதியவற்றில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.

பிறகு இரண்டாம் கட்ட நிதி பற்றிப் பேச்சு வந்தது. கருவியில் குறை என்று பளிச்சென்று சொன்னால் திட்டம் இத்தோடு நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். திட்டத் தலைவர் ஒன்றுமே சொல்லவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல நாள் எனக்குள்ளேயே அவர்மேல் பழியைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நான்தான் அவர் அறைக்குப் போய், “முகங்களின் எண்ணிக்கை குறைவு, இப்போதைக்கு ‘மேலும் ஆய்வு தேவை’ என்று போட்டுவிடலாமா?” என்று கேட்டேன். அவர் வேறு வேலையாக இருந்தார். “உங்களுக்குச் சரி என்று பட்டால் செய்யுங்கள்,” என்றார். அட்டவணை போயிற்று. அட்டவணை இல்லாமல் அந்த வரிக்கு ஆதாரம் இல்லை என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். வரியும் போயிற்று. அதற்கப்புறம்தான் தேநீர்.

சில மாதங்கள் கழித்து, ஊரின் ஒரு பேருந்து நிலையத்தில் கேமரா வைத்துச் சோதனை ஓட்டம் தொடங்கினார்கள். எங்கள் வழிகாட்டியை வைத்துக்கொண்டுதான். அந்தச் செய்தி வந்தபோது கல்லூரியில் கேக் வெட்டினோம்.

ஒரு நாள் காலையில் அக்கா கூப்பிட்டார். கேண்டீனிலிருந்து பேசினார் போலிருக்கிறது, பின்னால் தட்டுகள் மோதும் சத்தம்.

“டீச்சர், நேத்து அவரைப் பாலாய்க்குக் கொண்டு போய்ட்டாங்க டீச்சர்.”

பாலாய் என்றால் போலீஸ் நிலையம். முந்தின நாள் மாலை வேலைக்குப் போகப் பேருந்து நிலையத்தில் இறங்கியிருக்கிறார். கேமரா அவரை வேறு யாரோ தேடப்படும் ஆள் என்று காட்டியிருக்கிறது. சீருடையோடு, பேருந்துக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் அழைத்துப் போயிருக்கிறார்கள். கைரேகையைப் பார்த்து ஆள் இவர் இல்லை என்று தெரிந்து அன்று விடிந்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள்.

“புடிச்சுட்டுப் போன மாத்தா நல்லவருதான் டீச்சர், குத்தம் சொல்ல முடியாது. மைலோ வாங்கிக் குடுத்தாராம். மன்னிச்சிருங்க அங்கிள்னு சொன்னாராம். நாங்க சொல்லல, மெஷின் சொல்லுது, அதெல்லாம் காலேஜ் ஆளுங்க டெஸ்ட் பண்ணிக் குடுத்ததுன்னு சொன்னாராம்.” கொஞ்சம் நிறுத்தினார். “காலேஜ் ஆளுங்கன்னா ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும்லா டீச்சர்?”

“விசாரிச்சுப் பாக்குறேன்க்கா,” என்றேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது இப்போது. அப்போது அந்த நாக்கு சரளமாகத்தான் புரண்டது.

விசயம் அதோடு முடியவில்லை. போலீஸ் நிலையத்தில் இருந்த அந்த இரவு அண்ணன் வேலைக்கு வரவில்லை என்று பார்த்த காவல் நிறுவனம், காரணம் தெரிந்ததும் அவரை நிறுத்திவிட்டது. போலீஸ் பிடித்துப் போன ஆளை வாசலில் நிறுத்தினால் கட்டடக்காரர்கள் கேள்வி கேட்பார்களாம். ஜாகா வேலையில் ஆளுக்கு இருக்கிற முதல் ஒன்றுதான், நம்பிக்கையான ஆள் என்கிற பேர். அது போனால் அந்தத் தொழிலில் வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள். அக்கா கேட்டது ஒரே ஒரு சூராட். மெஷின்தான் தப்பு செய்தது, ஆள்மேல் தப்பில்லை என்று படித்தவர் ஒருவர் எழுதிய கடிதம். அதைக் காட்டினால் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் காவல் நிறுவனத்தின் மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடிதத்தை மலேசியாவிலேயே என்னைவிடத் தகுதியோடு யார் எழுதியிருக்க முடியும்? அவர் முகத்தை இயந்திரம் தவறாகச் சொன்னதற்கு அட்டவணையோடு சான்று என் கணினியில் இருந்தது. ஆனால் அதை எழுதினால், ‘இது முன்பே தெரிந்திருந்தால் அறிக்கையில் ஏன் இல்லை?’ என்று யாராவது கேட்பார்கள். இரண்டாம் கட்ட நிதிக்குக் கையெழுத்து ஆகாத நேரம்.

கடிதத்தை எழுதிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் நாலாவது மாடி, மின்தூக்கி வேலை செய்யவில்லை. அண்ணனின் சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டி வைத்திருந்தார் அக்கா. எனக்கு ஆரஞ்சு பானம் கலந்து கொடுத்தார். கல்லூரித் தாளில், முத்திரையோடு, இவரை எனக்கு நன்றாகத் தெரியும், நேர்மையானவர், ஒழுக்கமானவர், கடமை தவறாதவர் என்று மலாயில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். தாத்தா தன் ஆட்களுக்கு இப்படித்தான் நற்சான்று எழுதிக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவராவது அந்த ஆட்களைத் தினமும் பார்த்தவர்.

அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டீச்சர், மெஷின் தப்புன்னு அதுல வருதா?”

“அதெல்லாம் எழுதினா வேற பிரச்சனை வரும்ண்ணே. போலீசை எதிர்த்த மாதிரி ஆயிடும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவருடைய நல்லதுக்கு. அந்த வார்த்தையை எப்படித்தான் வாயெடுத்துச் சொன்னேனோ. அவர் உடனே தலையாட்டினார். அக்கா கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்து எடுத்தார்.

கடிதம் பலிக்கவில்லை. நல்லவர் என்பது எங்களுக்கும் தெரியும், கேட்டது அது இல்லையே என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் மொத்தச் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கும் வேலைக்குப் போனார். ஐம்பது வயதுக்கு மேலே மூட்டை தூக்கும் வேலை. அக்கா இதைச் சொல்லும்போதுகூட, “நீங்க செய்ய வேண்டியத செஞ்சிட்டீங்க டீச்சர், எங்க நேரம் சரியில்ல,” என்றார். நான் அதற்கும் “பரவால்லக்கா” என்றேன். அவர் என்னை மன்னித்த மாதிரியும், நான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்ட மாதிரியும்.

இரண்டாம் கட்ட நிதி வந்தது. ‘சமூகத்தின் ஒத்துழைப்பு’ எங்கள் திட்டத்தின் சிறப்பு என்று பாராட்டியிருந்தார்கள். இன்னும் அதிக முகங்கள் வேண்டும். அதை நேரில் பார்க்க அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார்கள். மறுபடியும் அதே கோயில், அதே பெரட்டுக் களம், அதே வெள்ளைத் திரை. இந்த முறை ஈரத் தாள் கொண்டு போகவில்லை. அதை ஒரு திருத்தம் என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன், பாருங்கள்.

வந்தவர் வெளிநாட்டுக்காரர், தன்மையான மனிதர். வெயிலில் வியர்க்க வியர்க்க என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வரிசையில் அக்கா இல்லை. அண்ணன் மட்டும் வந்தார். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எனக்குப் பயம் வந்தது. அவர் கோபமாக ஏதாவது கேட்டுவிடக்கூடாதே என்றுதான் பயம். வேறு காரணம் இருந்திருக்க வேண்டும், இல்லை.

பூசை முடிந்து வந்த அத்தனை பேர் நெற்றியிலும் திருநீறு இருந்தது. அவர் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

“துடைக்க வேணாம்ண்ணே இந்தத் தடவ,” என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

“இல்ல டீச்சர், இப்பல்லாம் பூசறதே இல்ல,” என்றார் அண்ணன், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. “நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே, நெத்தி சுத்தமா தெரியணும்னு. நான்தான் மறந்துட்டேன். அன்னைக்கு வேலைக்குப் போறப்ப பட்டையா பூசிக்கிட்டுப் போய்ட்டேன், அதான் மெஷின் கொழம்பிப்போச்சு. என் தப்புதான். மறுபடியும் புடிச்சாங்கன்னா இந்த மூட்ட வேலையும் போயிடும் டீச்சர். அதான், வெளிய வர்றப்ப பூசறதில்ல.”

 அண்ணே, தப்பு உங்கள் நெற்றியில் இல்லை, துடைத்த நெற்றியோடு எடுத்த படத்தையும் அந்த இயந்திரம் தவறாகத்தான் சொன்னது, எனக்கு அது முன்பே தெரியும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

பக்கத்தில் நின்றவர் என் முகத்தைக் கவனித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார், “என்ன சொல்கிறார்? ஏதாவது பிரச்சினையா?”

“ஒன்றுமில்லை,” என்றேன் நானும் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே. “மறுபடியும் உதவ முடிந்ததில் மகிழ்ச்சியாம். அதைத்தான் சொல்கிறார்.”

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பெரிய பெரிய ஆட்கள் வந்து போகும் கட்டடத்தின் வாசலில் வருசக்கணக்காக நின்றவர் அவர், அவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வழி கேட்டது அவரிடம்தான், அக்கா முதல் நாளே சொன்னார். எனக்கு அது ஞாபகம் வந்தபோது என் வாக்கியம் முடிந்துவிட்டிருந்தது.

அவர் பார்வையில் கோபம் இருந்ததா என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. மாட்டிக்கொண்ட ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, வாசலில் நின்ற காலத்துக் குரலில், அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்.

“யெஸ், சார். வெரி ஹேப்பி, சார்.”

வந்தவர் மகிழ்ந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்து, கேமராவைப் பார்த்தார்.

“எடுங்க டீச்சர்,” என்றார்.

எடுத்தேன்.